சயாம் இருப்புப்பாதையும் பழங்கற்கருவிகளும்

1. முன்னுரை

தொல்லியல் களப்பணி என்பது அமைதி நிலவும் காலத்தில், அரசின் ஆதரவோடும் அளவைக் கருவிகளோடும் நடைபெறும் பணி என்றே நாம் பெரும்பாலும் கருதிவருகிறோம். இவற்றுள் ஒன்றும் வாய்க்காத நிலையில், தம் உடலுழைப்பின்மீதும் தமக்கு உரிமையில்லாதிருந்த ஒருவர் செய்த களப்பணி, பின்னாளில் ஒரு நாட்டின் முறையான தொல்பழங்கால அகழாய்வுக்கு வழிதிறந்த வரலாறு ஒன்று உண்டு. அவர் எச். ஆர். வான் ஹீக்கெரென் (1902-1974) என்னும் டச்சு அறிஞர். களம், சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) மேற்கெல்லை மலைகளினூடே ஓடும் குவாய் நொய் ஆற்றின் பள்ளத்தாக்கு. காலம், இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்த 1943, 1944 ஆம் ஆண்டுகள். அவர் அங்குச் சென்றது ஆய்வாளராக அன்று. சப்பானியரிடம் அகப்பட்ட போர்க்கைதியாக.

தென்கிழக்காசியத் தொல்லியலைப் பயில்வோர் அவர் பெயரை அறிவர். தமிழ் மாணவர் அவரைப் பெரிதும் அறியார். ஆயின் அவர் கற்கருவிகளைக் கண்டெடுத்த அதே பள்ளத்தாக்கில், அதே ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர் என்பதை நோக்கும்போது, இவ்வரலாறு நமக்கு அயலானதன்று என்பது புலனாகும். ஒரே மண்ணிலிருந்து கல் ஒன்று எடுக்கப்பட்டு எண்ணிடப்பட்டு அருங்காட்சியகம் சேர்ந்தது. அதே மண்ணுள் மாந்தர் எண்ணுமின்றிப் பெயருமின்றிப் புதைந்தனர். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தில் களப்பணி செய்ய விழையும் மாணவர்க்கு இதனால் விளையும் பயனும் இறுதியில் எடுத்துரைக்கப்படும்.

2. மேற்பரப்புச் சான்றும் கரிசல் மண்ணும்

வான் ஹீக்கெரெனின் கண்டெடுப்பை மதிப்பிடுவதற்கு முன், நிலத்தின் மேற்பரப்பிற் கிடைக்கும் பொருள் எத்துணை அளவிற்குச் சான்றாகும் என்னும் வினாவைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். இவ்வினாவை ஆராய்வதற்குக் கோவிற்பட்டி வட்டாரம் மிகவும் ஏற்ற நிலம் எனலாம்.

கோவிற்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய ஊர்களைச் சுற்றிப் பரந்து கிடப்பது வானம் பார்த்த கரிசல் நிலம். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் இம்மண், நீரை ஏற்றுப் பருத்தலும் நீரிழந்து சுருங்கலும் மிக்க களிமண் வகையைச் சார்ந்தது. கோடையில் இந்நிலத்தில் ஆழ்ந்த வெடிப்புகள் விழுகின்றன. மேலே கிடந்த ஓட்டுச் சில்லும் சிறு கல்லும் அவ்வெடிப்புகளின் வழியே கீழிறங்குகின்றன. ஐப்பசி கார்த்திகை மழையில் மண் பருத்தெழும்போது அடியிலிருக்கும் கற்கள் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றன. கரிசல் தன்னைத் தானே உழுதுகொள்ளும் என்று கூறுவது இதனாலேயாம். ஆதலின், கரிசலின் மேற்பரப்பிற் காணும் பொருள் அண்மைக் காலத்தது என்றோ, நான்கடி ஆழத்திற் காணும் பொருள் தொன்மையானது என்றோ துணிந்து கூறுதல் இயலாது. மண்ணடுக்கு என்னும் காலக்கணக்கேடு இங்குக் கலைந்து கிடக்கிறது.

இதற்கு மாறான நிலைமை, கரிசலின் கிழக்கெல்லையில் கடலையடுத்துக் கிடக்கும் தேரி எனப்படும் செம்மணற் குன்றுகளிற் காணப்படுகிறது. இராபர்ட் புரூசு பூட்டு (1834-1912) சாயர்புரத் தேரியிற் கற்கருவிகளைத் திரட்டினார். பின்னர் எப். இ. சாய்னரும் பிரிட்செட்டு ஆல்சினும் திருநெல்வேலி மாவட்டத்துக் குறுங்கற்கருவிகளைப் பற்றி எழுதிய கட்டுரை, 1956-ல் 'ஏன்சியன்ட் இந்தியா' என்னும் இதழின் 12 ஆம் எண்ணில் வெளிவந்தது. குளத்தூர், சூரங்குடி முதலிய ஊர்களும் அதில் இடம்பெற்றன. அவர்கள் கருவியின் உருவத்தை மட்டும் நோக்காமல், அது மணற்குன்றின் எந்நிலையில் அமைந்துள்ளது, அக்குன்று உருவாகியபோது கடல்மட்டம் எவ்வாறு இருந்தது என்பனவற்றையும் ஆராய்ந்து, ஏறத்தாழ கி. மு. 4000 என ஒரு காலத்தைக் கருத்தாக முன்வைத்தனர். அக்காலக் கணிப்பினும் அவர்கள் கையாண்ட முறையே நமக்கு முதன்மையானது. கல் தானே பேசுவதில்லை. அது கிடந்த இடமே அதனைப் பேசச் செய்கிறது. சாய்னர், இட்லரின் ஆட்சியில் செருமனியை விட்டு வெளியேறி 1934-ல் இலண்டன் சேர்ந்தவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அந்நூற்றாண்டின் அரசியற் கொடுமைகள் அறிஞர் பலரின் களங்களை மாற்றியமைத்தன. வான் ஹீக்கெரெனின் வாழ்வில் அம்மாற்றம் இன்னும் கடுமையாக நேர்ந்தது.

3. சாவாவிலிருந்து சயாமுக்கு

வான் ஹீக்கெரென் போருக்கு முன் டச்சு ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகளில் வாழ்ந்தவர். கிழக்குச் சாவாவின் பெசுக்கிப் பகுதியிலுள்ள பெருங்கற் சின்னங்களைப் பற்றி 1931-லேயே எழுதியவர். இந்தோனேசியத் தொல்பழங்கால ஆராய்ச்சிக்கு அடித்தளமிட்டவராகப் போற்றப்படும் வான் ச்டைன் காலென்பெல்சு (1883-1938) அக்காலத்தே அத்துறையில் முன்னின்றார். அவர் காலத்துக் களப்பணி மரபில் வந்தவர் வான் ஹீக்கெரென். அவர்தம் பயிற்சி பெரிதும் நிலத்தில் நடந்து பெற்ற பயிற்சியாகும். ஆற்றுச் சரளையில் இயல்பாக உடைந்த கல் எது, மனிதன் கைபட்டு உடைந்த கல் எது என்று கண்ட அளவிற் பகுத்துணரும் பழக்கம் அவருக்கு வாய்த்திருந்தது. பின்னர் நூலும் கருவியும் கைவிட்ட காலத்து அப்பழக்கம் ஒன்றே அவருக்குத் துணையாயிற்று.

1942 பிப்பிரவரியிற் சிங்கப்பூரும், மார்ச்சிற் சாவாவும் சப்பானியர் கைப்பட்டன. டச்சுப் படையினர் பல்லாயிரவர் சிறைப்பட்டனர். பர்மாவிலிருந்த தம் படைகளுக்குக் கடல்வழியே பொருள் அனுப்புதல் இடரானதாகவே, சயாமின் நோங் பிலாடுக்கு என்னுமிடத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாத்து வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப்பாதை அமைக்கச் சப்பானியர் முற்பட்டனர். பாதையின் பெரும்பகுதி குவாய் நொய் ஆற்றின் கரையை ஒட்டியே மலையேறி, மூன்று கோபுரக் கணவாயினூடே பர்மாவுட் புகுவது. 1942-ன் நடுப்பகுதியில் தொடங்கிய பணி, 1943 அக்டோபர் 17 அன்று இருமுனைகளும் இணைந்ததோடு முடிவெய்தியது. 1943-ன் மழைக்காலத்திற் பணி விரைவுபடுத்தப்பட்டபோது, ஊணின்மையும் மலேரியாவும் வாந்திபேதியும் ஒருங்கு சேர்ந்து மாந்தரை வாரிக்கொண்டன.

இப்பணிக்கு 60,000-க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். அவருள் ஏறத்தாழ 13,000 பேர் மாண்டனர் என்பர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர் மட்டும் ஏறத்தாழ 75,000 பேர். அவருட் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்.

4. கண்டெடுப்பு

இக்கொடுமைக்கு நடுவே, பான் காவ் என்னும் சிற்றூரின் அருகில், வான் ஹீக்கெரென் தரையிற் கிடந்த சில கற்களைக் கண்டார். இருப்புப்பாதைக்கென நிலம் வெட்டப்பட்டதால் அடியிலிருந்த சரளை வெளிப்பட்டிருந்தது. ஆற்றுக் கூழாங்கல்லை உடைத்து, ஒரு விளிம்பை மட்டும் கூராக்கிய பருமனான வெட்டுக்கருவிகளும், தேய்த்து மெருகிடப்பட்ட வாய்ச்சிகளும் அவர் கண்டவற்றுள் அடங்கும். முன்னவை பழைய கற்கால மரபையும், பின்னவை புதிய கற்கால மரபையும் சுட்டுவன. எனவே, அப்பள்ளத்தாக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களில் மக்கள் வாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

கற்களை அவர் போர் முடியுமளவும் காத்துவைத்தார். பின்னர் அவை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பீபாடி அருங்காட்சியகத்தை அடைந்து, ஹாலம் மூவியசு என்னும் அறிஞரால் ஆராயப்பட்டன. 1947 ஏப்பிரலில் 'இல்லசுட்ரேட்டட் இலண்டன் நியூசு' என்னும் இதழிலும், 1948-ல் தொல்பழங்காலக் கழகத்தின் நடவடிக்கைத் தொகுதியிலும் வான் ஹீக்கெரென் தம் கண்டெடுப்பை வெளியிட்டார். கூழாங்கற் கருவிகளின் தொகுதிக்கு, ஆற்றின் பெயரையொட்டிப் 'பிங்நொயியன்' என்று பெயரிட்டார்.

மூவியசு இக்கற்களில் ஈடுபாடு கொண்டமைக்குத் தனிக் காரணம் உண்டு. அவர் 1937-38-ல் பர்மாவின் ஐராவதி ஆற்றுப் படுகையில் ஆய்ந்தவர். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியா ஆகிய நிலங்களில் இருபுறமும் செதுக்கிய கைக்கோடரி மரபும், அவற்றிற்குக் கிழக்கே கூழாங்கல் வெட்டுக்கருவி மரபும் நிலவின என்று அவர் 1944-லும் 1948-லும் வெளியிட்ட நூல்களிற் கூறினார். இவ்விரு மரபுகளையும் பிரிக்கும் எல்லையைப் பிற்காலத்தார் மூவியசு கோடு என வழங்கினர். பூட்டு 1863 மே 30-ல் பல்லாவரத்திற் கண்டெடுத்த கல்லும், அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளும் நம் நாட்டை அக்கோட்டின் மேற்புறத்தே நிறுத்துகின்றன. அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என 2011-ல் வெளியான ஆய்வு காட்டிற்று. சயாமோ கோட்டின் கீழ்ப்புறத்தது. ஆயினும் அந்நாட்டுச் சான்றுகள் அன்று மிகக் குறைவு. சுவிட்சர்லாந்து அறிஞர் பிரிட்சு சாராசின் 1930-களின் தொடக்கத்திற் சயாம் நாட்டுக் குகைகளை ஆராய்ந்திருந்தார். இலங்கையில் வேடர் குகைகளிற் கற்கருவி தேடிய சாராசின் இருவருள் ஒருவர் அவர். அத்தகைய சிறு தொகுதிகளுக்கிடையே, போர்க்கைதி ஒருவர் கொணர்ந்த சில கற்கள் ஒரு பெரிய கோட்பாட்டைச் சோதிக்கும் உரைகல்லாக அமைந்தன.

இனி, இக்கண்டெடுப்பின் குறைபாட்டையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். மண்வெட்டி கலைத்த நிலத்தில் அடுக்கு ஏது? முறையான அளவை இல்லை, வரைபடம் இல்லை. கரிசல் மண் இயற்கையாலே செய்யும் கலைப்பை, அங்கே இருப்புப்பாதை வேலை செய்துவிட்டது. ஆதலின், உருவ ஒப்புமை ஒன்றையே கொண்டு அக்கருவிகளுக்குக் காலம் கூற வேண்டியதாயிற்று. பழைய கற்காலத் தனிப் பண்பாடு ஒன்றன் சின்னங்களாக வான் ஹீக்கெரென் கருதிய கூழாங்கற் கருவிகளை, இன்றைய ஆய்வாளர் பலர் தென்கிழக்காசியா முழுவதும் பரந்த ஹோவாபின்சிய மரபோடு சேர்த்தே காண்கின்றனர். 'பிங்நொயியன்' என்னும் பெயர் வழக்கொழிந்தது. ஆயினும் அவர் கூறிய அடிப்படைச் செய்தி நிலைத்தது. அப்பள்ளத்தாக்கு ஆராயத்தக்கது என்பதே அது.

5. கைதி மீண்டும் ஆய்வாளராதல்

கண்டெடுப்பின் உண்மையான மதிப்பு அதனைப் பின்தொடரும் அகழாய்வால் உறுதிப்படும். 1956-ல் கார்ல் ஹைடர் என்னும் அமெரிக்கர் குவாய் நொய் ஆற்றங்கரைக்குச் சென்று மேலும் கருவிகளைத் திரட்டினார். 1960 முதல் 1962 வரை தாய்-டேனிசுத் தொல்பழங்கால ஆய்வுக்குழு அங்கு விரிவாகப் பணிபுரிந்தது. அக்குழுவில் வான் ஹீக்கெரெனும் இடம்பெற்றார். காவலன் நோக்கின்கீழ் மண்சுமந்த நிலத்திற்கு, ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளுக்குப் பின், அவர் உரிமையுடைய ஆய்வாளராக மீண்டார். சாய் யோக்கு என்னுமிடத்துப் பாறை ஒதுக்கில் நடந்த அகழாய்வின் அறிக்கையை அவரும் எய்கில் குனூத்தும் 1967-ல் வெளியிட்டனர்.

பான் காவில் நடந்த அகழாய்வைப் பெர் சோரென்சென் நடத்தினார். நாற்பதுக்கு மேற்பட்ட புதைகுழிகள் வெளிப்பட்டன. நீட்டிக் கிடத்தப்பட்ட உடல்களின் அருகே மட்கலங்களும் மெருகிட்ட வாய்ச்சிகளும் வைக்கப்பட்டிருந்தன. மூன்று கால்களுடைய மட்கலங்கள் அவற்றுட் சிறப்பானவை. இவ்வகைக் கலங்கள் தெற்கே மலாயாத் தீவக்குறையிலும் கிடைத்துள்ளன. புதிய கற்காலத்தைச் சார்ந்த இக்குடியிருப்பிற்குச் சோரென்சென் ஏறத்தாழ கி. மு. 1800 முதல் 1300 வரை காலம் வகுத்தார். சீனத்து உலுங்சான் பண்பாட்டோடு அவர் கண்ட நேரடித் தொடர்பு பின்வந்தோரால் ஐயுறப்பட்டது. எனினும், தாய்லாந்தின் புதிய கற்கால ஆராய்ச்சியிற் பான் காவ் இன்றும் ஓர் அடிப்படை இடமாகவே விளங்குகிறது. அவ்விடத்தே தேசிய அருங்காட்சியகம் ஒன்றும் உள்ளது.

வான் ஹீக்கெரெனின் பிற பணிகளைச் சுருங்கக் கூறலாம். போருக்குப் பின் அவர் இந்தோனேசியத் தொல்லியல் துறையிற் பணிபுரிந்தார். 1957-ல் இந்தோனேசியாவின் கற்காலத்தைப் பற்றியும், 1958-ல் அந்நாட்டு வெண்கல இரும்புக் காலத்தைப் பற்றியும் நூல்கள் எழுதினார். 1950-ல் சுலவேசித் தீவின் மாரோசுக் குகைகளிற் கைப்பதிவுகளும் காட்டுப்பன்றி ஓவியமும் அறியப்பட்டதில் அவருக்கும் பங்குண்டு. அக்குகை வட்டாரத்துக் கைப்பதிவு ஒன்று குறைந்தது 39,900 ஆண்டுத் தொன்மையது என 2014-ல் கணிக்கப்பட்டது. அவர் காலத்தார் இத்துணைத் தொன்மையை எண்ணியும் பார்த்திலர்.

இத்தகையவர் பொதுமக்கள் நினைவில் இடம்பெறாமைக்குக் காரணம் என்னை? அவ்விருப்புப்பாதையைப் பற்றிய உலக நினைவை வரையறுத்தவை பியேர் பூல் 1952-ல் எழுதிய புதினமும், அதனைத் தழுவி 1957-ல் வெளிவந்த திரைப்படமுமே. அப்படம் பெரும்பாலும் எடுக்கப்பட்ட இடம் இலங்கையின் கித்துள்கலை. ஆங்கிலப் படைத்தலைவன் ஒருவனின் மான உணர்வே அக்கதையின் உயிர். அதில் தொல்லியலாளருக்கும் இடமில்லை. பாதையைப் பெரிதும் சமைத்த ஆசியத் தொழிலாளருக்கும் உரிய இடமில்லை.

6. மலைவழியும் தமிழ்த் தொடர்பும்

குவாய் நொய்ப் பள்ளத்தாக்கும் மூன்று கோபுரக் கணவாயும் சப்பானியர் கண்டறிந்த வழியல்ல. வங்கக் கடலின் கீழ்க்கரையிலிருந்து சயாமின் சமவெளிக்குச் செல்லும் பழைய வழிகளுள் அது ஒன்று. அப்பள்ளத்தாக்கு சென்று சேரும் காஞ்சனபுரி மாநிலத்தில், பான் தோன் தா பேத்து என்னுமிடத்தே, கி. மு. நான்காம் நூற்றாண்டளவிலான புதைகுழிகளில் இந்தியத் தொடர்பைக் காட்டும் சூதுபவள மணிகள் கிடைத்தன. அதே மாநிலத்துப் பொங் தூக்கு என்னுமிடத்தில் மேலைக்கடல் நாட்டு வெண்கல விளக்கு ஒன்று 1927-ல் வெளிப்பட்டது.

தென் தாய்லாந்திலோ தமிழே எழுத்து வடிவிற் கிடைத்துள்ளது. ரானோங் மாநிலத்துப் பூ காவ் தோங்கில் தமிழ்ப் பிராமி பொறித்த பானையோடு ஒன்றும், கிராபி மாநிலத்துக் குலோங் தொம்மில் பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லனின் உரைகல்லும் கிடைத்தன. தக்குவா பாவிற் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகிறது. பொற்கொல்லன் ஒருவன் தன் உரைகல்லில் தன் பெயரைப் பொறித்தான். வணிகக் குழுவினர் தாம் காத்த குளத்தின் பெயரைக் கல்லில் வெட்டினர். அவ்வாறு தமிழர் தம் பெயரோடு சென்ற நாட்டிற்கே, 1943-ல் தமிழர் பெயரின்றிக் கொண்டுசெல்லப்பட்டனர்.

7. எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்

சப்பானியர் ஆட்சியில் மலாயாவின் இரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலை அற்றது, அரிசி கிடைத்திலது. அந்நிலையில் நாட்கூலியும் உணவும் தரப்படும், சில திங்களில் திரும்பலாம் என்று கூறித் தொழிலாளரைத் திரட்டினர். தாமாக முன்வருவோர் குறைந்தபோது வலிந்து பிடித்துச் சென்றனர். கணவனோடு மனைவியும் மக்களும் சென்ற குடும்பங்களும் உண்டு. போர்க்கைதிகளுக்கு அவர்தம் படைத்தலைவரும் மருத்துவரும் உடனிருந்தனர். கட்டுப்பாடான முகாமும், மறைவாகப் பேணிய பெயர்ப்பட்டியல்களும் இருந்தன. தமிழ்த் தொழிலாளருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. வாந்திபேதி புகுந்தபோது அவர்தம் குடிசை வரிசைகள் அப்படியே வெறுமையாயின.

இவ்வேறுபாட்டின் விளைவை ஒரு கணக்கு தெளிவாகக் காட்டும். 1945 செப்டம்பரில் நேசநாட்டுக் குழு ஒன்று இருப்புப்பாதை நெடுகிலும் சென்று போர்க்கைதிகளின் கல்லறைகளைத் தேடிற்று. 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகள் கண்டறியப்பட்டன. 52 கல்லறைகளே அகப்படாமற் போயின. காட்டினுள், போர்ச் சூழலில், இத்துணைத் திருத்தமாகக் கணக்கு நிறைவேறியதற்குக் காரணம், முகாம்களில் எழுதிவைத்த குறிப்புகளேயாம். காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேரின் கல்லறைகள் இன்று வரிசையாகப் பேணப்படுகின்றன. அவற்றினும் பன்மடங்கு மிக்க ஆசியத் தொழிலாளருக்கு அத்தகைய தேடல் நிகழவில்லை. அவர்தம் இறப்பு ஆயிரக் கணக்கிலே மதிப்பிடப்படுகிறதேயன்றி, ஒருவர் ஒருவராக எண்ணப்படவில்லை.

1944-ல் சப்பானியப் படையினர் காஞ்சனபுரியில் ஆற்றருகே ஒரு நினைவுத்தூண் எழுப்பினர். அதிற் பல மொழிகளில் அமைந்த வாசகங்களுள் தமிழும் ஒன்று. சயாம் மலையடிவாரத்தில் நிற்கும் அத்தமிழ் வாசகம் கல்வெட்டாராய்ச்சியாளர் கருதத்தக்கது. பிற கல்வெட்டுகளில் ஆட்சியாளன் பெயரும் கொடை பெற்றோர் பெயரும் காண்போம். இங்கே கொல்லப்பட்டோரின் மொழி உண்டு, அவருள் எவர் பெயரும் இல்லை. 1990-ல் காஞ்சனபுரியின் அருகே நிலத்தைத் தோண்டியபோது, ஆசியத் தொழிலாளருடையன எனக் கருதப்படும் எலும்புகள் திரளாக வெளிப்பட்டன. பான் காவில் ஏறத்தாழ மூவாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன் இறந்தோருடன் வைத்த கலங்கள் இவையென நம்மாற் கூற இயலுகிறது. நாற்பத்தேழு ஆண்டுக்கு முன் இறந்தோர் இன்னார் எனக் கூற இயலவில்லை. தொன்மை அன்று அறியாமைக்குக் காரணம், பதிவின்மையே காரணம்.

எழுத்தாளர் சிலர் இக்குறையை ஓரளவு நிரப்பினர். மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்' ஆகிய புதினங்கள், உயிர்மீண்டோர் நினைவில் நின்றவற்றை இலக்கியமாக்கின. ஆராய்ச்சியாளர் செய்திருக்க வேண்டிய பணியைப் புதின ஆசிரியர் மேற்கொண்டனர் என்பதை நாம் ஒப்புதல் வேண்டும்.

8. கழுகுமலை காட்டும் நெறி

பெயரைப் பொறித்தல் பெருமக்களுக்கே உரியது என்று எவரேனும் கூறுவராயின், அவர்க்கு மறுமொழி கோவிற்பட்டி வட்டாரத்திலேயே உண்டு. கோவிற்பட்டிக்கு மேற்கேயுள்ள கழுகுமலையின் பாறைமுகத்தில், எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சமணத் திருமேனிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அடியில் ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் வெளியிடப்பட்டன. செய்வித்தவர் யார், எவ்வூரார், எவர் மாணாக்கர், யார் பொருட்டுச் செய்வித்தார் என்பனவே அவற்றின் சுருங்கிய வாசகம். குரவர் மட்டுமன்றிக் குரத்தியரும், தொழில்வினைஞரும் அவற்றிற் பெயர் பெற்றுள்ளனர். ஒருவரியளவான இக்குறிப்புகளால், ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முற்பட்ட எளிய மாந்தர் சிலரை ஊரோடும் பெயரோடும் நாம் அறிகிறோம். வரலாற்றில் நிலைபெறுதற்கு நீண்ட மெய்க்கீர்த்தி வேண்டுவதில்லை. பெயர், ஊர், உறவு என்னும் மூன்றே போதும்.

வான் ஹீக்கெரென் செய்ததும் சாரத்தில் இதுவே. எது, எங்கே, எந்நிலையில் என்னும் மூன்றை அவர் மறவாது பதிந்தார். அம்மூன்றும் இருந்தமையால் பின்வந்தோர் அவ்விடத்தை மீண்டும் கண்டனர். அவர் கூற்றிற் பிழைபட்டதைத் திருத்தவும் அவர்களால் இயன்றது. திருத்தப்படத்தக்க வகையில் எழுதிவைத்தலே ஆராய்ச்சியாளன் பிற்காலத்தார்க்குச் செய்யும் உதவியாகும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு. முதலாவது, மேற்பரப்பிற் கிடைக்கும் பொருள் முடிவான சான்றன்று. ஆயினும் இடக்குறிப்போடு பதியப்படுமாயின் அது அகழாய்வுக்கு வழிகாட்டும். கரிசல் நிலத்தில் உழவர் கலப்பையில் அகப்படும் கருவியையும் தாழியோட்டையும் திரட்டும் மாணவர், ஊர், புல எண், மண்ணின் தன்மை, ஆழம், வெடிப்பின் அருகாமை ஆகியவற்றைத் தவறாது குறித்தல் வேண்டும். கரிசலுக்கும் தேரிக்கும் இடைப்பட்ட குளத்தூர், சூரங்குடிப் பகுதி இதற்கு நல்ல களமாகும். கலைந்த மண்ணையும் கலையாத மண்ணையும் அங்கே அருகருகே ஒப்பிடலாம்.

இரண்டாவது, மழை பொய்த்த ஆண்டுகளில் வானம் பார்த்த பூமியினர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றமை பலரும் அறிந்ததே. அவ்வாறு சென்று திரும்பாதோரின் பெயர், ஊர், உறவு ஆகியவற்றைத் தென்மாவட்டங்கள் தோறும் கேட்டு எழுதுதல் தொல்லியலின் புறத்தே நிற்கும் பணியன்று. வீட்டிலுள்ள பழைய கடிதமும், முகவரி எழுதிய உறையும், முதியோர் வாய்மொழியும் இப்பணிக்குக் கல்வெட்டுக்கு நிகரானவை. வாய்மொழிச் சான்று, கரிசல் மண்ணைப் போன்றே, மேலது கீழாகவும் கீழது மேலாகவும் மாறக்கூடியது. அதனால் அதனைத் தள்ளிவிடலாகாது. சொன்னவர், கேட்ட நாள், அவர் கண்டதா கேட்டதா என்னும் குறிப்புகளோடு பதிந்து, பிற சான்றுகளோடு ஒப்பிட்டுக் கொள்ளுதலே முறை.

களத்தில் வீழ்ந்தோர்க்குக் கல் நடும் மரபைத் தொல்காப்பியப் புறத்திணையியல் படிநிலைகளாக வகுத்துரைக்கிறது. 2006-ல் புலிமான்கோம்பையிற் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்கள் அம்மரபின் தொன்மையைக் கல்லிலேயே காட்டின. அம்மரபு கடல் கடந்தும் அற்றுப்போகவில்லை. காஞ்சனபுரியிலுள்ள தாவோன் வராராம் பௌத்தப் பள்ளியில், இருப்புப்பாதையில் மாண்ட தமிழருக்கும் பிற ஆசியத் தொழிலாளருக்கும் மலேசியத் தமிழர் முயற்சியால் 2023-ல் நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. பழைய நடுகல்லிற் பீடும் பெயரும் எழுதுவர். இக்கல்லுக்குப் பீடு உண்டு. பெயர்களைத் திரட்டித் தருதல் தமிழ் வரலாற்றுத் துறையினர் நிறைவேற்ற வேண்டிய கடமையாகும்.